வாசகர் கேள்வி–பதில்: அயர்லாந்துக்கு ராஜா வந்த 1541

எட்டாம் ஹென்றி காலத்து அயர்லாந்து பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. 1541 ஜூனில் டப்ளின் நாடாளுமன்றம் அவரை ‘அயர்லாந்தின் ராஜா’ என்று அறிவித்ததையும், அந்தச் சில ஆண்டுகளில் துறவற மடங்கள் மூடப்பட்டதையும் நாலே வரியில் முடித்துவிட்டோம். நாலு வரி போதாது என்று வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே.

கே: அயர்லாந்து அதற்கு முன்பே இங்கிலாந்தின் கையில்தானே இருந்தது? புதிதாக ராஜா பட்டம் எதற்கு? வெறும் ஜம்பமா? (ஆர்.எம்., காரைக்குடி)

ஜம்பமும் உண்டு. ஆனால் அவசரத்துக்குக் காரணம் ஒரு பத்திரக் கோளாறு.

1541 வரை இங்கிலாந்து அரசருக்கு அயர்லாந்தில் இருந்த பட்டம் ‘அயர்லாந்தின் லார்டு’, அதாவது பிரபு. அரசர் அல்ல. இந்த உரிமைக்கு மூல ஆவணமாகக் காட்டப்பட்டது, 1155-இல் போப் நான்காம் ஏட்ரியன் இரண்டாம் ஹென்றிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ‘லாவுதாபிலித்தர்’ ஆணை. நிலம் போப்புடையது, பராமரிப்பு இங்கிலாந்து அரசருடையது என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டார்கள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த ஏற்பாடு யாரையும் உறுத்தவில்லை.

1534-இல் ஹென்றி ரோமுடன் உறவை முறித்ததும் நிலைமை தலைகீழாயிற்று. போப்புக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டார். அப்படியானால் அயர்லாந்தை இவருக்குக் கொடுத்தது யார்? போப்பின் கொடை செல்லாதென்றால் இவருடைய பிரபுத்துவமும் செல்லாது. செல்லுமென்றால், கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இது ஏட்டுச் சட்டப் பிரச்சினையாக மட்டும் நிற்கவில்லை. கில்டேர் பிரபு குடும்பத்து வாரிசு தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு, ‘பட்டு தாமஸ்’ என்று பெயர் வாங்கியவர், 1534 ஜூனில் டப்ளின் செயின்ட் மேரி மடத்தில் கூடியிருந்த ஆலோசனைச் சபை முன்னால் அரசவாளைக் கீழே வீசிவிட்டுக் கலகத்தில் இறங்கினார். மதத்தைத் துறந்த அரசனை எதிர்க்கும் போர் என்று சொல்லிப் போப்பிடமும் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடமும் உதவி கேட்டார். கலகம் அடக்கப்பட்டது. 1537 பிப்ரவரியில் அவரையும் ஐந்து சித்தப்பா பெரியப்பாக்களையும் லண்டன் டைபர்னில் தூக்கிலிட்டார்கள். அவர் கிளப்பிய கேள்வி மட்டும் உயிரோடு இருந்தது. 1538-இல் மீத் ஆயர் எட்வர்ட் ஸ்டேப்பிள்ஸ் எழுதிய கடிதத்தின் சாரம் இது: இங்குள்ளவர்கள் ரோமின் ஆயர்தான் அயர்லாந்துக்கு ராஜா என்று நம்புகிறார்கள், நம் அரசரையே ராஜா என்று அறிவித்து இந்த நம்பிக்கையை அறுத்துவிட வேண்டும். 1540-இல் அரசரின் பிரதிநிதியாக, ‘லார்டு டெபுடி’யாக வந்த ஆன்டனி செயின்ட் லெஜர் இந்த யோசனையை அடுத்த ஆண்டே நிறைவேற்றினார்.

ஆக, மத மாற்றம் போட்ட ஓட்டையை அடைத்த ஒட்டு இது. அரசியலையும் மதத்தையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்தால் 1541 பிடிபடாது.

கே: சட்டம் நிறைவேறிய நாளில் என்ன நடந்தது? எதிர்ப்பே இல்லையா? (ஜே.பி., நாகர்கோவில்)

நாடாளுமன்றம் 1541 ஜூன் 13, திங்களன்று டப்ளினில் கூடியது. அந்த வியாழன் நற்கருணைப் பெருவிழா. மறுநாள் மக்களவை, தாமஸ் க்யூசாக்கைச் சபாநாயகராக முன்னிறுத்தியது. அதன்பின் மசோதா. போய்னிங்ஸ் சட்டம் (1494) ஒன்று உண்டு: லண்டனில் அரசரும் ஆலோசனைச் சபையும் முன்கூட்டியே பார்த்து முத்திரையிட்டு அனுப்பாத எந்த மசோதாவையும் டப்ளினில் எடுக்க முடியாது. எனவே மசோதா வாசகம் அங்கிருந்து வந்ததுதான். உள்ளூர் உறுப்பினர்களுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லும் வேலை மட்டும்.

மேலவையில் அதை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். உட்கார்ந்திருந்த பிரபுக்களில் பலருக்கு ஆங்கிலம் ஓடாது. எனவே ஓர்மண்ட் பிரபு ஜேம்ஸ் பட்லர் எழுந்து ஐரிஷ் மொழியில் விளக்கினார். ஆங்கில அரசருக்கு மகுடம் தரும் சட்டம் ஐரிஷில் விளக்கப்பட்டுத்தான் நிறைவேறியது. ஜூன் 18, சனிக்கிழமை ஒப்புதல். மறுநாள் ஞாயிறு செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் பூசையும் ‘தே தேயும்’ பாடலும். ஊருக்குள் சொக்கப்பனை, திராட்சை ரசம், கைதிகள் விடுதலை. ரோமை உதறியதைக் கொண்டாடியது லத்தீன் பூசையோடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சபையில் எதிர்ப்பு எழவில்லை. காரணம், எதிர்க்கக்கூடியவர்கள் முன்பே சரிக்கட்டப்பட்டிருந்தார்கள். தெற்கே டெஸ்மண்ட் பிரபு அந்த ஜனவரியிலேயே பணிந்து, நாடாளுமன்றத்துக்கு வரத் தேவையில்லை என்ற தம் குடும்பத்துப் பழைய சலுகையைக் கைவிட்டிருந்தார். மேல் ஆஸரியின் மாக் கில்லா பாட்ரிக் தலைவர் சில நாள் முன்புதான் ‘பேரன்’ (baron) என்னும் கடைநிலைப் பிரபு பட்டம் வாங்கியிருந்தார். மிகப் பெரிய ஆள், வடக்கே அல்ஸ்டரின் கான் ஓ’நீல் மட்டும் வரவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் செயின்ட் லெஜரின் படை அவர் நாட்டுக்குள் புகுந்து பயிர்களை அழித்தபிறகு டிசம்பரில் பணிந்தார்.

முணுமுணுத்தவர் ஒருவர் உண்டு. ஹென்றியேதான். ராஜா என்றால் ராஜாவுக்கேற்ற வருமானம் வேண்டுமே, அயர்லாந்தின் வரவு அதற்குக் கட்டாதே என்பது ஒரு கவலை. சட்ட வாசகத்தைப் படித்தால் நாடாளுமன்றம் தமக்குப் பட்டத்தைப் பரிசளித்த மாதிரி இருக்கிறதே என்பது இன்னொன்று. ஏற்கெனவே உள்ள உரிமையை அங்கீகரிப்பதாக மாற்றி எழுதச் சொன்னார். ஒருவர் கொடுத்த பட்டத்தால் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

கே: ‘ஒப்படைத்துத் திரும்பப் பெறுதல்’ என்று எழுதியிருந்தீர்கள். நடைமுறையில் அது எப்படி நடக்கும்? (எஸ்.வி., ஈரோடு)

டப்ளினைச் சுற்றிய ‘பேல்’ பகுதிக்கு, அதாவது டப்ளின், மீத், லவுத், கில்டேர் மாவட்டங்களின் சில பாகங்களுக்கு, வெளியே சட்டம் காகிதம்தான். அதை அங்கே செல்லுபடியாக்க ஒவ்வொரு ஐரிஷ் குலத் தலைவரோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டார்கள்.

முதலில் தலைவர் அரசரைத் தம் அரசராக ஒப்புக்கொண்டு, போப்பின் அதிகாரத்தை மறுத்து எழுதித் தர வேண்டும். அடுத்து, குலப் பட்டத்தைத் துறக்க வேண்டும். ‘ஓ’நீல்’ என்று வெறும் பெயர் சொன்னாலே அது தலைமைப் பட்டம் என்பதால் அந்தப் பெயரே போக வேண்டும். பிறகு தம் ஆளுகையிலுள்ள நிலம் முழுவதையும் அரசரிடம் ஒப்படைப்பார். அரசர் அதையே சாசனம் எழுதி, முத்திரையிட்டு, ஆங்கிலப் பிரபு பட்டத்தோடு திருப்பிக் கொடுப்பார். இனி அந்த நிலம் படைச்சேவைக்கு ஈடாக அரசரிடமிருந்து பெற்ற நிலம். இறந்தால் மூத்த மகனுக்கு.

கூடவே நிபந்தனைகள். கான் ஓ’நீலுக்கு விதித்தவை: அவரும் வாரிசுகளும் ஆங்கில உடை அணிந்து, இயன்றவரை ஆங்கிலம் பேச வேண்டும். உழவுக்குத் தகுந்த நிலத்தை உழவுக்குக் கொண்டுவந்து வீடுகள் கட்ட வேண்டும். வாடகைக்கு மேல் குடிகளிடம் எதுவும் பிடுங்கக் கூடாது. டெபுடி அனுமதிக்கும் அளவுக்கு மேல் கூலிப்படை வைக்கக் கூடாது. அரசர் படை கிளம்பும்போது தம் ஆட்களோடு வர வேண்டும். கலகக்காரர்களுக்கு இடம் தரக் கூடாது.

இவற்றில் உண்மையில் கடித்தது படை சம்பந்தப்பட்ட நிபந்தனைதான். உடை, மொழியெல்லாம் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்! ஆனால் ஒரு தலைவர் தம் படைவீரர்களையும் குதிரைகளையும் குடிகளின் வீட்டில் இறக்கி, அவர்கள் செலவில் தின்ன வைக்கும் ‘காயின் அண்ட் லிவரி’ வழக்கம் இல்லாவிட்டால் அவருக்குப் படையே இல்லை. படையில்லாத தலைவரைப் பக்கத்துக் குலத்தார் விட்டுவைக்க மாட்டார்கள். அரசர் பாதுகாப்புத் தருவார் என்ற நம்பிக்கையில்தான் படையைக் கலைக்க முடியும். அந்தப் பாதுகாப்புக்குப் பேலின் கஜானாவில் காசில்லை.

பட்டம் வாங்குகிற சடங்கு மட்டும் கனஜோர். 1542 அக்டோபர் 1, கிரீனிச் அரண்மனை. சுவரெல்லாம் சித்திரத் திரைச்சீலை, தரையில் புது நாணல் பரப்பியிருக்கிறது. இரு பக்கமும் ஆங்கிலப் பிரபுக்கள் நடத்திவர, பட்டாடையில் வரும் கான் மண்டியிடுகிறார். முன்னே ஏந்தி வந்த வாளை அரசர் அவர் தோளின் குறுக்கே மாட்டுகிறார், கழுத்தில் தங்கச் சங்கிலி போடுகிறார். கான் நன்றி சொன்னது ஐரிஷில். அவருடைய குருவானவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலம் பேச வேண்டும் என்ற நிபந்தனை அந்த நிமிஷமே நாணலில் விழுந்துவிட்டது.

கே: நல்ல திட்டமாகத்தானே தெரிகிறது? ஏன் தோற்றது? (பெயர் வேண்டாம், மதுரை)

எல்லா இடத்திலும் தோற்கவில்லை. எங்கே வாரிசுச் சிக்கலை முன்கூட்டியே யோசித்து எழுதினார்களோ அங்கே ஓரளவு நின்றது.

ஐரிஷ் வழக்கில் நிலம் தலைவரின் தனிச்சொத்து அல்ல. ஒரு கொள்ளுத்தாத்தா வழியில் வந்த ஆண்கள் எல்லாருக்கும் பாத்தியதை உண்டு. அடுத்த தலைவரை ‘தானிஸ்ட்’ என்று முன்பே தேர்ந்து வைப்பார்கள். அவர் தம்பியாகவோ அண்ணன் மகனாகவோ இருக்கலாம். தலைவருக்கு ஆயுள் அனுபவம் மட்டும்தான். அப்படியிருக்க, தமக்கு முழு உரிமையில்லாத சொத்தைத் தலைவர் அரசருக்கு எழுதிக் கொடுத்து, அதை மகனுக்குப் போகும்படி வாங்கினால் பங்காளிகள் சும்மா இருப்பார்களா?

தாமண்டில் முரா ஓ’பிரையன் விஷயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். 1543-இல் அவருக்குத் தாமண்ட் ‘ஏர்ல்’ (பேரனைவிட உயர்ந்த பிரபு) பட்டம் ஆயுளுக்கு மட்டும். அவருக்குப் பிறகு அது தானிஸ்டான அண்ணன் மகன் டோனக்குக்கு. முராவின் சொந்த மகன்களுக்கு இஞ்சிக்வின் பேரன் பட்டம் தனியாக. பழைய வழக்கையும் புதிய சட்டத்தையும் ஒரே சாசனத்தில் பொருத்திய வேலை. முரா 1551-இல் இறந்தபோது டோனக் சிக்கலின்றிப் பட்டத்துக்கு வந்தார்.

டைரோனில், அதாவது கான் ஓ’நீலின் நாட்டில், இந்தக் கவனம் இல்லை. கான் தம் வாரிசாக மேத்யூவைக் காட்டி டங்கானன் பேரன் ஆக்கினார். மேத்யூ டண்டாக் ஊர்க் கொல்லர் ஒருவரின் மனைவிக்குப் பிறந்தவர். பெரியவனானபின் இவன் உங்கள் பிள்ளை என்று தாய் சொல்ல, கான் ஏற்றுக்கொண்டார். ஐரிஷ் வழக்கில் இப்படி ஏற்பது சகஜம். ஆங்கிலச் சட்டத்தில் அது ஓட்டை. முறைப்படி பிறந்த மகன் ஷேன் எடுத்துப் போட்ட வாதத்தில் இரண்டு பக்கமும் கூர்: ஆங்கிலச் சட்டம் என்றால் நான்தான் முறையான வாரிசு, ஐரிஷ் சட்டம் என்றால் அப்பாவுக்கு நிலத்தை ஒப்படைக்கவே அதிகாரம் இல்லை, குலம் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. லண்டன் வக்கீல்களால் இதற்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. வாதத்தோடு நிற்கவும் இல்லை. 1558-இல் ஷேனின் ஆட்கள் மேத்யூவைக் கொன்றார்கள், மறு வருடம் கான் இறந்ததும் ஷேன் ‘ஓ’நீல்’ ஆனார். மேத்யூவின் மகன் ஹியூதான் பிற்பாடு ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஒன்பதாண்டுப் போரை நடத்தி, 1607 செப்டம்பரில் ரத்முல்லனில் கப்பலேறி நாட்டைவிட்டே போனவர்.

கே: மடங்களை எப்படி மூடினார்கள்? துறவிகள் என்ன ஆனார்கள்? (சகோதரி ஒருவர், பாளையங்கோட்டை)

1539-இல் ஒரு கமிஷன் அமைந்தது. டப்ளின் பேராயர் ஜார்ஜ் பிரவுன், நிதிப் பொறுப்பிலிருந்த வில்லியம் பிரபாசன், முன்பு சொன்ன க்யூசாக் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். கமிஷனர்கள் மடத்துக்கு வந்ததும் மடாதிபதியிடம் ‘மனமுவந்து ஒப்படைக்கிறோம்’ என்று கையெழுத்து வாங்குவார்கள். மறுத்தால் ஓய்வூதியம் கிடைக்காது என்பதால் பெரும்பாலும் மனம் உவந்துவிடும். வெள்ளிப் பாத்திரம், மணி, நகை அரசருக்கு. அடுத்து 1540, 41-இல் நில அளவைக் குழு: உள்ளூர் ஆட்களைச் சத்தியம் செய்ய வைத்து, எத்தனை ஏக்கர் உழவு நிலம், எத்தனை மேய்ச்சல், எத்தனை குடிசை, ஆலை, மீன்பிடி உரிமை, தசமபாகம் எவ்வளவு என்று பதிவு செய்தார்கள். போரில் பாழானதால் வருமானம் எதுவுமில்லை என்ற குறிப்பும் அந்தப் பதிவுகளில் அடிக்கடி வரும். அந்த மதிப்பீட்டின்மேல்தான் குத்தகையும் விற்பனையும்.

மெல்லிஃபாண்ட் மடம் 1539 ஜூலையிலும், டப்ளின் செயின்ட் மேரி மடம் அக்டோபரிலும் போயின. டப்ளினின் ஆல் ஹாலோஸ் மடத்தை நகராட்சிக்கே கொடுத்தார்கள், பட்டு தாமஸின் முற்றுகையில் நகரம் பட்ட நஷ்டத்துக்கு ஈடாக. 1592-இல் டிரினிட்டி கல்லூரி எழுந்தது அந்த மனையில்தான். கிறைஸ்ட் சர்ச் மட்டும் தப்பியது. நகர மக்கள் மனுப் போட்டதால் துறவிகள் குருமாராக மாறி, அது 1541-இல் டீன் ஒருவரின் கீழ் சாதாரணப் பேராலயமானது. பழைய மடத்தலைவரே முதல் டீன்.

பேலுக்கு வெளியே, குறிப்பாக மேற்கிலும் அல்ஸ்டரிலும், கமிஷனர்கள் கால் வைக்கவே முடியவில்லை. 1547-இல் ஹென்றி இறந்தபோது நாட்டின் மடங்களில் ஏறக்குறையப் பாதிதான் மூடியிருந்தது. பிரான்சிஸ்கன் சகோதரர்கள் பல ஊர்களில் அப்படியே தொடர்ந்தார்கள்.

நிலம் யாருக்குப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். அரசு அதிகாரிகளோடு, தவறாமல் பூசைக்குப் போகும் பேல் கனவான்களுக்கும் நல்ல பங்கு கிடைத்தது. 1541 சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் பலர் இந்தக் குத்தகைதாரர்கள். பிறகு ஹென்றியின் மகள் மேரி அரசி காலத்தில் நாடு கத்தோலிக்கத்துக்குத் திரும்பியபோதும், வாங்கிய மடத்து நிலத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று ரோமே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

கே: இவ்வளவு நடந்தும் ஐரிஷ் மக்கள் ஏன் புராட்டஸ்டன்ட் ஆகவில்லை? (கே.எஸ்., சிதம்பரம்)

1541-இல் அவர்களை அப்படி ஆகச் சொல்லவே இல்லை. ஹென்றி மாற்றியது தலைமையை. பூசை, லத்தீன், குருமாரின் பிரமச்சரியம் எல்லாம் அப்படியே. கோட்பாடு மாறியது அவர் மகன் காலத்தில். அப்போதும் ஆங்கிலப் பிரார்த்தனைப் புத்தகத்தைத்தான் 1551-இல் டப்ளினில் அச்சிட்டார்கள். அயர்லாந்தில் அச்சான முதல் புத்தகமே அது. ஐரிஷ் மொழியில் அங்கே முதல் புத்தகம் வர 1571 ஆயிற்று, புதிய ஏற்பாடு வர அடுத்த நூற்றாண்டு. அதற்குள் வெளிநாட்டில் படித்த கத்தோலிக்கக் குருமார் திரும்பிவிட்டார்கள். மக்கள் மொழியில் பேசாத சீர்திருத்தம் எங்கே வேர் பிடிக்கும்?

கே: புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே 1542-இல் அயர்லாந்துக்கும் இயேசு சபையினர் போனார்களா? (எம்.எஃப்., தூத்துக்குடி)

போனார்கள். சவேரியாரின் பாரிஸ் தோழர்களான அல்போன்சோ சால்மெரோனும் பாஸ்காஸ் புரோவேயும் அந்தத் தவக்காலத்தில் அல்ஸ்டரில் இறங்கினார்கள். ஆனால் தலைவர்கள் ஒவ்வொருவராக அரசரிடம் பணிந்துகொண்டிருந்த நேரம். யாரும் வெளிப்படையாக அடைக்கலம் தரத் துணியவில்லை. சுமார் ஐந்து வாரத்தில் திரும்பிவிட்டார்கள்.

கே: ஒரு புத்தகத்தில் 1541 என்றும் இன்னொன்றில் 1542 என்றும் இருக்கிறது. எது சரி? (ஆசிரியர் ஒருவர், திருச்சி)

மூன்று காரணத்தால் இந்தக் குழப்பம். அன்றைய இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. எனவே புதிய அரசப் பட்டத்தை லண்டனில் அறிவித்த ஜனவரி 23, பழைய கணக்கில் 1541, நம் கணக்கில் 1542. இரண்டாவது, சட்டங்களுக்கு ஆட்சியாண்டு எண்தான் போடுவார்கள். இது ஹென்றியின் 33-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் ஏப்ரல் 22-இல் பட்டமேறியதால் அந்த ஆண்டு 1541 ஏப்ரல் 22 முதல் 1542 ஏப்ரல் 21 வரை ஓடும். ஆட்சியாண்டோடு 1508-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கும் வருடம் கிடைக்கும். தேதி ஜனவரிக்கும் ஏப்ரல் 21-க்கும் இடையில் விழுந்தால் மேலும் ஒன்று கூட்டுங்கள். மூன்றாவது, இன்றைய சட்டப் புத்தகங்களில் இதன் அதிகாரபூர்வப் பெயரே ‘கிரவுன் ஆஃப் அயர்லாந்து சட்டம் 1542’. நிறைவேறியது 1541 ஜூன். மாணவர்களுக்கு அதையே சொல்லுங்கள்.

கே: யாழ் பொறித்த ஹென்றி காலத்து வெள்ளிக்காசு எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காசில் வருடம் இல்லையே! (நாணயம் சேகரிப்பவர், கோவை)

எழுத்தைப் பாருங்கள். மகுடம் வைத்த யாழின் இரு பக்கமும் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து ஹென்றிக்கான ‘ஹெச்’. இரண்டாவது ‘ஏ’ என்றால் ஆன் போலின், ‘ஐ’ என்றால் ஜேன் சீமோர், ‘கே’ என்றால் கேத்தரின் ஹோவர்ட். அந்தந்த ராணி இருந்த வருடங்கள்தான் காசின் வயது. ராணிகள் மாறும் வேகத்துக்கு அச்சு வெட்டுபவர் ஈடுகொடுத்ததே ஆச்சரியம். ‘ஆர்’ என்று இருந்தால் அது ராணியல்ல, ‘ரெக்ஸ்’, அரசர்.

பிறகு விளிம்பு வாசகம். அது கேடயமுள்ள பக்கத்தில் தொடங்கி யாழ் பக்கத்தில் தொடரும். யாழைச் சுற்றி ‘டோமினுஸ் ஹிபெர்னியே’ என்று வந்தால் பழைய பிரபு பட்டம். ‘ஹிபெர்னியே ரெக்ஸ்’ என்று வந்தால் 1541 சட்டத்துக்குப் பிந்திய அச்சு. விளிம்பை வெட்டி வெள்ளி திருடுவது அன்று வழக்கம் என்பதால் பல காசுகளில் இந்த வாசகம்தான் முதலில் போயிருக்கும். வாங்கும்போது யாழ் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

கே: அந்தச் சட்டம் இப்போது எங்கே இருக்கிறது? (டி.ஆர்., புதுச்சேரி)

மேரி அரசி காலத்தில் ரோமுக்கே ஒரு தர்மசங்கடம். கத்தோலிக்க அரசி, ஆனால் பட்டமோ போப்பை மறுத்தவர் உண்டாக்கியது. போப் நான்காம் பவுல் 1555 ஜூனில் தாமே ஓர் ஆணை போட்டு அயர்லாந்தை ராஜ்யம் ஆக்கினார், ஹென்றி செய்ததே நடக்காத மாதிரி. அயர்லாந்துக் குடியரசு 1541 சட்டத்தை 1962-இல் நீக்கியது. வட அயர்லாந்தில் அது இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.